அரசமரத்துக்கு எந்தக் கம்பி

பத்து வயதில் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது. ஆனால் செஞ்சிக் கடைவீதியில் கிடைக்கிற கம்பி வகைகள் அத்தனையும் அத்துப்படி. எந்தக் கடையில் எது, எது வளையும், எது கையைக் கிழிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவற்றில் எதைக் கொண்டு ஒரு அரசமரத்தை வளைப்பது என்பது மட்டும்தான் கடைசிவரை புரியவில்லை.

இன்றைக்கு இதற்கென்றே வீடியோ இருக்கிறது. கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியக் கம்பி வேண்டுமாம். சாய்வாகச் சுற்ற வேண்டுமாம். பட்டையில் பதிவதற்கு முன்னால் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டுமாம், பிரித்து இழுக்கவே கூடாதாம். போன மாதம் அப்படி ஒன்றை உட்கார்ந்து பார்த்தேன். நான் செய்த தப்புகளை எல்லாம் அதில் பேசிய பெண் வரிசை பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள்.

மரம் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் தானாக முளைத்தது. அரசு எங்கே முளைக்க வேண்டும் என்று யாரைக் கேட்டு முளைக்கிறது? படையெடுத்து வந்தவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து இடிக்கப் பார்த்த எங்கள் ஊர்க் கோட்டைச் சுவரையே அது ஒரு விதையை வைத்துக்கொண்டு பிளந்திருக்கிறது. எங்கள் குளியலறை எம்மாத்திரம். பிடுங்கிப் போடச் சொல்லி நைனா ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டு, சுவரை வேண்டுமானால் இடித்துத் தருகிறேன், அரசில் கை வைக்க மாட்டேன் என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். நைனாவும் கை வைக்கவில்லை. வெட்டினால் பாவம், வீட்டில் வளர்த்தால் ஆகாது. அதனால் அது பாட்டுக்கு வளர்ந்தது. நாங்கள் குளிக்கும்போது மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அதைக் கடைசியில் பிடுங்கியவர் சித்தப்பா. எங்களோடு ஒரே வீட்டில் இருந்தார், தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. சித்தி தினமும் விடியற்காலையில் சிங்கவரம் போகிற வழியில் இருந்த பெரிய அரசமரத்தைச் சுற்றிவிட்டு வருவாள். அந்நேரத்துக்கே வயலுக்குப் போகிற பெண்கள் அந்தப் பக்கமாகத்தான் போவார்கள். "இன்னா, எதாவது விசேஷம் உண்டா?" என்று போகும்போது ஒருத்தி, வரும்போது ஒருத்தி கேட்பாள். ஒருநாள் சித்தி பாதிச் சுற்றிலேயே திரும்பி வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

இதையெல்லாம் நான் பின்னால் கூட்டிக் கழித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பாண்டிச்சேரியில் ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்த சித்தப்பா, சாப்பாட்டுத் தட்டு அளவு தொட்டியில் ஒரு ஆலமரம் நின்றதாகவும், அதில் விழுதுகூடத் தொங்கியதாகவும் சொன்னதுதான். எப்படி என்று கேட்டாராம். கம்பி கட்டி வளைப்போம் என்றார்களாம். என்ன கம்பி என்று கேட்பதற்குள் பின்னால் நின்ற கூட்டம் தள்ளிவிட்டது.

மறுநாளே அவர் அரசங்கன்றைச் சுவரிலிருந்து வேரோடு எடுத்து, அகலமான மண்சட்டியில் வைத்து, தோட்டத்தில் துவைக்கிற கல்லின் மேல் ஏற்றினார். சுண்டுவிரல் கனத்தில் ஒரு குச்சி, அதில் நாலைந்து மெல்லிய கிளை. பதினொரு இலை. முழுப்பரீட்சை லீவில் வீட்டில் வெட்டியாக இருந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மரம் என் பொறுப்பில் வந்தது.

"பாத்தா பெரிய மரமாட்டம் இருக்கணும்டா. நாலாப் பக்கமும் கெள விரிஞ்சிருக்கணும். சும்மா குச்சியாட்டம் நிக்கக்கூடாது" என்றார் சித்தப்பா. எதற்கு என்று கேட்டேன். "அழகுக்குதான்" என்றார். அழகைப் பற்றிக் கவலைப்படுகிற ஆளா என்று எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. அவர் சட்டையில் எப்போதும் ஒரு பொத்தான் குறையும்.

முதலில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கம்பி வேண்டும் என்றேன். எதுக்கு என்றார் கடைக்காரர். மரத்துக்கு என்றேன்.

"மரத்துல எதையாவது கட்டப் போறியா, மரத்தையே கட்டப் போறியா?"

"மரத்தைதான். வளைக்கணும்."

"எத்தினி அடி மரம்?"

நான் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை காட்டினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, இதுக்கு யானை கட்டுற சங்கிலியா வேணும் என்று சொல்லி, கான்கிரீட் போடும்போது முறுக்குவார்களே, அந்தக் கட்டுக்கம்பியில் ஒரு சுருள் கொடுத்தார். சுற்றினேன். தண்ணீர் ஊற்ற ஊற்ற நான்கே நாளில் துருப்பிடித்து, மரம் செம்மண் பூசிக்கொண்ட மாதிரி ஆனது.

இந்தச் சமயத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். வெயில் காலம் என்று நான் தோட்டத்தில்தான் படுப்பேன். விடிகிற நேரத்தில் சித்தி தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு வந்து, என் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு சுற்றில் முடித்துக்கொள்ளவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தாள். கண்ணை மரத்திலிருந்து எடுக்கவில்லை. கடைசியில் ஓரிடத்தில் நின்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

எனக்கு ஒரே குழப்பம். என் வேலையைத்தான் சோதிக்கிறாள் என்பது தெளிவு. இத்தனை தரம் சுற்றிப் பார்க்கிற அளவுக்கு அதில் என்ன குறை? கும்பிட்டதை, இதை இனிமேல் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்ற பொருளில் எடுத்துக்கொண்டேன். கம்பியைப் பிரித்தேன். பட்டையும் கொஞ்சம் கூடவே வந்தது.

மோட்டார் காயில் கட்டுகிற கடையில் செம்புக் கம்பி கேட்டேன். பழைய மோட்டாரிலிருந்து உருவியதில் ஒரு சுருள் சும்மாவே தந்தார்கள். அருமையாக வளைந்தது. ஆனால் ஒருதரம் வளைத்துவிட்டால் விறைத்துக்கொண்டது, திரும்ப நிமிரவில்லை. மறுநாள் சித்தி மேற்குப் பக்கம் கொஞ்சம் அதிகமாக நின்றதுபோல் இருந்தது. மேற்குக் கிளையைப் பிரித்துச் சரிசெய்யப் போனேன். கிளை கையோடு வந்தது. அதை யாரும் பார்ப்பதற்குள் சாம்பல் குழியில் போட்டு மூடினேன். அடுத்த நாள் தெற்கே நின்றாள். தெற்கைப் பிரித்தேன். அதற்கடுத்த நாள் அவள் நின்ற திசையே பிடிபடவில்லை, முழுவதையும் பிரித்தேன்.

பிறகு ஒரு எலக்ட்ரீஷியன் புண்ணியத்தில் அலுமினியம் கிடைத்தது. முதலில் வந்தது மரத்தைவிடக் கனமாக இருந்தது. அடுத்து வந்தது மெல்லிசு. கிளை அதையும் இழுத்துக்கொண்டு பழையபடி நிமிர்ந்தது. இதற்குள் இலைகள் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. பதினொன்று ஏழானது, ஏழு நாலானது. விழுந்த இலையைச் சித்தி குனிந்து எடுத்துப் புடவைத் தலைப்பில் முடிந்துகொள்வதைப் பார்த்தேன். சித்தப்பாவிடம் காட்டுவதற்குச் சாட்சி சேர்க்கிறாள் என்று நினைத்தேன். அவர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற நேரமெல்லாம் எனக்குத் தோட்டத்துப் பக்கமே வேலை இருக்காது.

நாலு இலை மூன்றான அன்று என்னால் தாங்க முடியவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, மூன்று வகைக் கம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு மரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். சித்தி வந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நின்றாள்.

"இன்னாடா, தூங்கல?"

"சித்தி, இதுல எதுன்னு நீயே சொல்லிடு."

"எது இன்னா?"

"கம்பிதான். நீ தெனம் சுத்திச் சுத்திப் பாக்கிறியே. முந்தாநாளு அம்பத்தோரு சுத்து. நேத்து இருவத்தேழுதான். எங்க கோணல்னு சொன்னினா சரி பண்ணிடுவேன் இல்ல?"

சித்தியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"எண்ணுனியா?"

"தெனம் எண்றேன்" என்றேன் பெருமையாக.

"யார்கிட்டனா சொன்னியா?"

பொய் சொல்லக் காரணமில்லை. அம்மாவிடம், நைனாவிடம், எதிர்வீட்டு ஆயாவிடம் சொல்லியிருந்தேன். ஹார்டுவேர் கடைக்காரரிடமும் சொன்னேன். அவர் விவரம் கேட்டார், வாடிக்கையாளர் முழு விவரம் சொன்னால்தானே கடைக்காரர் சரியான கம்பியைத் தர முடியும். அதையும் சித்தியிடம் விளக்கினேன். அவர் இன்னா சொன்னாரு என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டிக்கொண்டு, பாவம் என்று மட்டும் சொன்னார் என்றேன். மரத்தைத்தான் சொல்லியிருப்பார் என்றும் சொன்னேன்.

சித்தி என் கையிலிருந்த கம்பிகளை வாங்கிப் பார்த்தாள். மூன்றையும் ஒன்றாகச் சுருட்டித் திருப்பித் தந்தாள்.

"கம்பியில ஒண்ணும் இல்லடா கண்ணு. நல்லாதான் கட்டியிருக்கிற. இனிமே பிரிக்காத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாள் காலை போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தி குளித்துவிட்டு வந்தாள். மரத்தைத் தாண்டிப் போய்க் கொடியில் துணியைக் காயப்போட்டாள். திரும்பி வரும்போதும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒரு சுற்றுகூட இல்லை.

மூன்றாம் நாள், வேலைக்குக் கிளம்பித் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் ஓடினேன். மரம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது, சித்திக்குப் பிடித்துப்போய்விட்டது, இப்போதெல்லாம் அவள் சுற்றிப் பார்ப்பதே இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகியும் திரும்பிச் சித்தியின் அறைக்குப் போனார். சந்தோஷத்தைச் சித்தியிடம் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.