புருல்சா அக்கா கைவைத்த பக்கம்

எங்கள் பள்ளத்தாக்கில் புருல்சா அக்காவின் முகம் தெரியாதவர்கள் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. பதினாறு வருஷம் மாவட்ட வானொலியில் கிர்கிஸ் மொழியில் சாலைச் செய்தி வாசித்தவர். எந்தக் கணவாய் திறந்திருக்கிறது, எந்தப் பாலத்தில் லாரி போகாது என்று அவர் சொல்லிவிட்டால் மேய்ப்பர்கள் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். வானொலியை மூடிய பிறகு எங்கள் மலைச்சாலை அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தார். எனக்கு எதிர் மேஜை. கணினி வேலை எனக்கு, வார்த்தை வேலை அவருக்கு.

அவர் வேலையைப் பறித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம்.

மேலிடத்தில் இணையதளத்தை ஐந்து மொழிகளில் கேட்டார்கள். ரஷ்ய மொழியில் ஒருமுறை எழுதினால் போதும். செயற்கை நுண்ணறிவு அதைக் கிர்கிஸ், உஸ்பெக், சீனம், ஆங்கிலம் என்று நிமிடத்தில் மாற்றிப் போட்டுவிடும். நான் அதை நிறுவிக் காட்டியதும் மேலாளர் என் முதுகில் தட்டினார். அக்காவிடம் இனி வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றார். அக்கா தேநீரில் பால் ஊற்ற மறந்து அப்படியே குடித்தார்.

அந்த எந்திரத்தின் கிர்கிஸ் இருக்கிறதே, தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தாய் வயிற்றில் பிறந்த எவனும் அப்படிப் பேசமாட்டான். மே மாதம் தெக்கே என்று பெயர் கொண்ட எங்கள் கணவாய் திறந்தபோது, ‘தெக்கே கணவாய் தங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி அடைகிறது’ என்று போட்டது. சந்தை முழுக்கச் சிரித்தார்கள். அக்காவின் கொழுந்தன் மெதெர்பெக் மந்தையோடு கோடை மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம் அது. அலுவலகத்துக்கே வந்து கேலி செய்தான்.

“அண்ணி, கணவாய் எங்களப் பாத்து சந்தோஷப்படுதாமே. போறப்ப அதுக்கு ஒரு கிடா கொண்டு போகணுமா?”

அக்கா சிரித்தார். ஆனால் காது சிவந்துவிட்டது. தன் அண்ணன், அதாவது அக்காவின் கணவர், இறந்ததிலிருந்து அவர் வீட்டுக்கு விறகும் மாவும் சுமந்தவன் மெதெர்பெக். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மலையிலிருந்து இறங்கியதும் தன் வீட்டுக்குப் போகுமுன் அண்ணிக்கு ஒரு பை உலர்தயிர் உருண்டை கொண்டுவந்து வைப்பான். அவன் முன்னால் தன் மொழி கேலிப்பொருளானது அவருக்குத் தாங்கவில்லை.

அன்றே பக்கத்தைத் திருத்தினார். மறுநாள் எந்திரம் பழையபடி எழுதி வைத்திருந்தது. மறுபடி திருத்தினார், மறுபடி போயிற்று. பத்து நாள் இதே கூத்து. என் மேஜைக்கு வந்து, நான் எழுதியதை அழிப்பது நீயா அந்தப் பெட்டியா என்று சண்டை பிடித்தார். எனக்கும் எரிச்சல். அமைப்பில் பக்கத்தைப் பூட்டிவைக்கும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திவிட்டால் மனிதர் கைவைத்த பக்கத்தை எந்திரம் தொடாது. அழுத்தினேன். “இனி யாரும் தொடமாட்டாங்க, போங்கக்கா” என்றேன்.

ரஷ்யப் பக்கம் மாறினாலும் அந்தப் பக்கம் மாறாது என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று விசாரணையில் சொன்னேன். மறக்கவில்லை. இன்னொரு சண்டைக்கு எனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

ஜூனில் அக்கா அந்தப் பக்கத்தை எழுதி முடித்தார். ‘தெக்கே கணவாய் திறந்திருக்கிறது. பயப்படாமல் வாருங்கள். மேற்குச் சரிவில் மந்தையைப் பிரித்து ஓட்டுங்கள், நாயை முன்னால் விடாதீர்கள்.’ படித்தால் அவர் குரலே கேட்கும். மேய்ப்பர்கள் அதைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொண்டார்கள். கோடை முழுவதும் கணவாய் திறந்தே இருந்ததால் அந்த வரிகளும் உண்மையாகவே இருந்தன. பூட்டு இருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

செப்டம்பர் கடைசியில், மந்தைகள் மலையிலிருந்து இறங்கும் நேரத்தில், பனி கொட்டியது. அதன்மேல் இரண்டு நாள் வெதுவெதுப்பான மழை. அந்த மழை எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை சாலைப் பணியாளர்கள் மேலிருந்து கூப்பிட்டு, மேற்குச் சரிவில் பனி விரிசல் விட்டு நிற்கிறது, அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது என்றார்கள். கணவாய் மூடப்பட்டது என்று பத்து மணிக்கு ரஷ்ய மொழியில் போட்டேன். உஸ்பெக் பார்த்தேன், மாறியிருந்தது. சீனமும் ஆங்கிலமும் மாறியிருந்தன. கிர்கிஸைப் பார்க்கவில்லை. அது அக்கா பாடு என்று பழகிவிட்டது. வியாழன் அக்கா வரும் நாள் இல்லை.

வெள்ளி காலை வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தபடி நின்றார்.

“எர்னிஸ், இத யாரு எழுதுனது?”

“நீங்கதான்க்கா. ஜூன்ல.”

அவர் மெதெர்பெக்கின் எண்ணை அழுத்தினார். கிடைக்கவில்லை. கடைசித் தேநீர்க் கடையைத் தாண்டினால் அங்கே சிக்னல் கிடையாது. அவர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். நான் பூட்டை எடுத்தேன். எந்திரம் கண்மூடித் திறப்பதற்குள் ‘மூடப்பட்டது’ என்று மாற்றியது. மேலே லாரி அனுப்பினோம்.

மத்தியானம் இரண்டு பெரியவர்கள் தொப்பியோடு உள்ளே வந்தார்கள். தேநீர் வேண்டாம் என்றார்கள். எங்கள் பக்கம் சாவை நேராகச் சொல்வதில்லை. ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மலையிலிருந்து இறங்கும் எல்லோரும் வீடு வந்து சேர்வதில்லை என்று ஆரம்பித்தார். அக்கா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

மெதெர்பெக்கோடு வந்தவர்களில், மந்தையின் பின்னால் வந்ததால் பனிச்சரிவில் சிக்காமல் பிழைத்தவன் ஜாகிப். ஈமச் சடங்கில் அவன்தான் சொன்னான். தேநீர்க் கடையில் ஓர் உஸ்பெக் லாரிக்காரர் தன் கைபேசியைக் காட்டி, கணவாய் மூடிக் கிடக்கிறது, போகாதீர்கள் என்று தடுத்தாராம். மெதெர்பெக் சிரித்துக்கொண்டே தன் கைபேசியை நீட்டினானாம்.

“அது மெஷின் எழுதுனதுண்ணே. இது எங்க அண்ணி கைப்பட எழுதுனது. படிச்சாலே தெரியலயா?”

அக்கா அப்போது பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஜாகிப் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்தது. நான் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

தொழில்நுட்பக் கோளாறு என்று விசாரணை முடிந்தது. அக்கா இன்னும் வாரம் மூன்று நாள் வருகிறார். வாசிக்கிறார், எதையும் திருத்துவதில்லை. ஜனங்கள் சிரிக்கிறார்கள், ஒரு வரியாவது சரிசெய்து கொடுங்கள் என்று ஒருநாள் கெஞ்சினேன்.

“சிரிக்கட்டும். அசிங்கமா இருந்தாத்தான் அது இன்னிக்கு எழுதுனதுன்னு தெரியும்” என்றார்.

நடுவில் மறுபடி திறந்திருந்த கணவாயைப் போன வாரம் குளிர்காலத்துக்காக மூடினோம். ‘தங்களை வரவேற்க இயலாமைக்குத் தெக்கே கணவாய் வருந்துகிறது’ என்று எந்திரம் எழுதியது. அக்கா அதை வாய்விட்டு, வானொலியில் வாசித்த அதே குரலில், கடைசிவரை வாசித்தார். கைவைக்கவில்லை.