எண்பதுக்குக் கீழே

ராசாங்கத்துக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷம் பெண்டாட்டி இருந்தும் தனிக்கட்டை வாழ்க்கை. மலர்கொடி உடையார்பாளையத்தில் தாய் வீட்டில் இருந்தாள். சண்டை சச்சரவு எதுவும் கிடையாது. அரியலூர்ப் பக்கம் மேலக்கரையில் இருந்த அவன் வீட்டுக்கு வந்தால் மூன்றாம் நாளே அவளுக்கு மூச்சு இழுக்கும். தாய் வீட்டுக்குப் போனால் ஒரு வாரத்தில் தெளிந்து, பேசுவாள், சிரிப்பாள், அவனை நன்றாகத் திட்டவும் செய்வாள்.

காரணம் ஊருக்கே தெரியும். சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி அரை மைல் தூரத்தில் நின்றது. மேலக்கரையில் முருங்கைக் கீரையை அலசினால் தண்ணீர் சுண்ணாம்பாகிவிடும். திருச்சி டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: தூசி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தம்மா அந்த ஊரில் இருக்கக் கூடாது.

அந்த ஆலையில்தான் ராசாங்கம் மூட்டை தைத்தான். அவன் அப்பா மாயவன் கடைசிவரை அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் குனிந்தவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று கைநீட்டி வாங்கிய முதல் ஆள் ராசாங்கம்தான். வேலையை விட்டுவிடு என்று சொல்பவர்களுக்கு வாய் வலிக்கவா போகிறது? தூசியைப் பிடிக்கும் எந்திரத்தைப் புகைபோக்கியில் மாட்டினால் போதும், மலர்கொடி வந்துவிடுவாள் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். மனு எழுதி எழுதித் தாசில்தாரைச் சலிக்க வைத்தான். "வெறும் வாயால சொன்னா நான் என்னய்யா பண்றது? அளந்து கொண்டா" என்றார் அவர்.

தூசியை எந்தப் படியால் அளப்பது? திருச்சி ஆஸ்பத்திரியில் மலர்கொடிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரம்மாவின் மகன் அண்ணாதுரை, கல்லூரியில் பௌதிகம் சொல்லித் தருபவர். லேசர் என்று ஒரு விளக்கு இருக்கிறது, அதன் ஒளியால் அளக்கலாம் என்று அவர்தான் சொன்னார். ஆலையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு நாள், மூன்று அளவு, ஆலையின் அதிகாரி பெரியசாமியும் கூடவே இருந்து கையெழுத்துப் போடுவார். மூன்றில் ஒன்றிலாவது திரும்பி வரும் ஒளி நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனால் மேலிடத்துக்கு எழுதுவதாகத் தாசில்தார் வாக்குக் கொடுத்தார்.

1986 மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. கல்லூரி ஜீப்பில் அண்ணாதுரை வந்து இறங்கியபோது ராசாங்கம் பயந்துபோனான். பயம் ஜீப்பைப் பார்த்து இல்லை, தெருவைப் பார்த்து. தெரு ஈரமாகப் பளபளவென்று கிடந்தது. டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து கொட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டு, கூரைகளைக்கூட அலசி விட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் இடுப்பில் குடத்தோடு பெருமையாக நின்றாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏப்பா, திருச்சிலேருந்து பெரிய மனுசங்க வர்றாங்க. தெருவுல புழுதி பறந்தா நம்மூரப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அக்கா, அந்தப் புழுதியைப் பார்க்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்று கத்தத் தோன்றியது. கத்தி என்ன செய்ய? விருந்தாளி வந்தால் வாசல் தெளிக்காத ஊரா அது? பெரியசாமி மட்டும் கோலத்தைத் தாண்டித் தாண்டி நடந்து, "சுத்தமான கிராமம்" என்று சொல்லிச் சிரித்தார்.

பள்ளிக்கூட வாசலில் லேசர்ப் பெட்டியை வைத்து அண்ணாதுரை விசையைப் போட்டார். குங்குமச் சிவப்பில் ஒரு புள்ளி சுவரில் விழுந்தது. "இந்த ஒளி தெருக்கோடி வரைக்கும் போயி, அங்க இருக்கிற கண்ணாடியில பட்டுத் திரும்பி வரும். நடுவுல தூசி இருந்தா அது கொஞ்சத்தத் தின்னுடும். மிச்சம் எவ்வளவுன்னு இந்த முள்ளு காட்டும்" என்றார். முதலில் கண்ணாடியைப் பக்கத்திலேயே நிறுத்தி முள்ளை நூறில் வைத்தார். பிறகு கண்ணாடியை இருநூறு மீட்டர் தள்ளி, மாரியம்மன் கோயில் முனையில் நிறுத்தச் சொன்னார். அங்கே காவல் ராசாங்கம்.

"ஒரே ஒரு வேலைதான். ஒவ்வொரு அளவுக்கும் முன்னாடி கண்ணாடியத் துடைச்சிடுங்க. நமக்குக் காத்துல உள்ள தூசிதான் கணக்கு, கண்ணாடியில ஒட்டினது இல்ல. துடைச்சிட்டுத் துண்டைத் தூக்கிக் காட்டுங்க."

ஒன்பது மணிக்குத் துடைத்தான், துண்டைக் காட்டினான். முள் தொண்ணூற்றொன்றில் நின்றது. பன்னிரண்டுக்கு எண்பத்தெட்டு.

 மிச்சம் ஒரே ஒரு அளவு, நாலு மணிக்கு. அதற்குப் பிறகு பெட்டி திருச்சிக்குப் போய்விடும், ஆலையும் இன்னொரு நாள் ஒப்புக்கொள்ளாது. மதிய வெயிலில் தெரு காய்ந்தது. மூன்றரைக்கு மேல் காற்று திரும்பி, புகை ஊர்ப் பக்கம் சாயத் தொடங்கியது. கல் லாரிகளும் வரிசையாகப் போயின. ராசாங்கம் பார்த்தான், ஆனால் நம்பவில்லை. எண்பத்தெட்டு எங்கே, எண்பது எங்கே!

கண்ணாடியின் மேல் மாவு தூவியதுபோல் சாம்பல் படிந்திருந்தது. துண்டு கையில் இருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். போன மாசம் மலர்கொடி பஸ் ஏறும்போது பேச மூச்சில்லாமல் கையை மட்டும் ஆட்டினாள். இரண்டு வருஷமாக எங்களைத் தின்ற தூசிதானே இது, காற்றில் இருந்தால் என்ன, கண்ணாடியில் இருந்தால் என்ன என்று நினைத்தான். துடைக்காமலே துண்டைத் தூக்கிக் காட்டினான்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரே கூச்சல். "அம்பத்தாறு!" என்று யாரோ கத்தினார்கள். ராசாங்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

பெரியசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. "எண்பத்தெட்டு எப்படிங்க அம்பத்தாறு ஆகும்? அந்தாளு கண்ணாடியத் துடைச்சானா?"

"துடைக்காம துண்டக் காட்ட மாட்டாருங்க. நான் அவருக்கு ஜாமீன்" என்றார் அண்ணாதுரை. தாளை ராசாங்கத்திடம் நீட்டினார். மூன்று முறையும் கண்ணாடி துடைக்கப்பட்டது என்று எழுதி, கீழே அவன் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

ஊரே சுற்றி நின்றது. பேனாவை வாங்கினான். ஜாமீன் என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இந்த மனுஷன் தன்னை நம்பி, கல்லூரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்.

"கடைசித் தடவ தொடைக்கலைங்க சார்" என்றான்.

 அண்ணாதுரை அவனை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு துண்டை அவன் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு, தெருக்கோடி வரை தானே நடந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தார். முள் ஆடி நின்றது.

எழுபத்துநாலு.

துடைத்த கண்ணாடியில் எழுபத்துநாலு!  உண்மையே போதுமானதாக இருந்திருக்கிறது.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் பெரியசாமி. "மூணு அளவுன்னுதான் பேச்சு. மூணாவது திருட்டு அளவு, உங்க ஆளே ஒத்துக்கிட்டான். இது நாலாவது." அண்ணாதுரை எவ்வளவோ வாதாடினார். மசியவில்லை. தாசில்தாருக்குப் போன தாளில் தொண்ணூற்றொன்றும் எண்பத்தெட்டும்தான் இருந்தன.

ஜீப்பில் ஏறும்போது அண்ணாதுரை, "எனக்குக் கோவம்தான் ராசாங்கம். ஆனா நீங்க பொய்க்குக் கையெழுத்துப் போடல பாருங்க, அத மறக்க மாட்டேன்" என்றார். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை.

பொழுது சாய உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தான். ஒன்றையும் மறைக்காமல் மலர்கொடியிடம் சொன்னான். அவள் முகம் சிவந்தது.

"ஒரு தடவ தொடச்சிருந்தா என்ன? கை தேஞ்சா போயிடும்?"

அவன் தலை குனிந்து அழுதான். கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொகை நிக்கும், நான் வருவேன்னு ரெண்டு வருசம் நீங்க காத்துக் கெடந்தீங்க. நானும் கெடந்தேன். இனிமே அது நிக்கிறப்ப நிக்கட்டும். நீங்க வந்துடுங்க. முந்திரிக் கொல்லையில வேலைக்கு ஆளு தேடுறாங்க."

"எங்கப்பா செஞ்ச கூலி வேலைக்கே திரும்பிப் போகச் சொல்றியா?"

"நான் மூச்சு விடுற எடத்துக்கு வாங்கன்னு சொல்றேன்."

 மறுநாள் காலை ஆறரை மணி அரியலூர் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டது. ராசாங்கம் அதில் ஏறவில்லை.