சாமுவேலை யாரும் கேட்கவில்லை

எங்கள் எதிர்வீட்டில் பிள்ளைக்கு நோவு வந்தால் திருப்பதிக்கு முடி நேர்ந்துகொள்வார்கள். முடி மறுபடி வளர்ந்துவிடும். எங்கள் அம்மா அக்காவையே நேர்ந்துகொண்டிருந்தாள். பிறந்த சில நாளில் அக்கா மூச்சுத் திணறிக் கிடந்தபோது, பிழைத்தால் இவள் உமக்கே என்று கர்த்தரிடம் பொருத்தனை செய்தாளாம். அதாவது பள்ளிப் படிப்பு முடிந்ததும் அக்கா வேதாகமப் பள்ளியில் சேர்ந்து, காலமெல்லாம் ஊழியம் செய்ய வேண்டும். அம்மா இதைச் சபையில் சாட்சியாகச் சொல்லாத வருஷம் கிடையாது.

எனக்கு இதில் முழுச் சம்மதம். அக்கா விடுதிக்குப் போய்விட்டால் ஜன்னலோர இரும்புக் கட்டில் எனக்கு. அவள் பிளஸ் டூ முடித்த கோடையில் பச்சை டிரங்குப் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எப்போது கிளம்புவாள் என்று காத்திருந்தேன். அக்காவுக்குப் பாலிடெக்னிக்கில் சேர ஆசை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்த அம்மா, சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் வேதபாடம் நடத்துவாள். ஷிப்ட் முடித்த பெரியவர்களும், பத்தாவது பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகளும் பாயில் வட்டமாக உட்காருவார்கள். அம்மா பிரசங்கம் செய்யமாட்டாள். ஒரு பகுதியை வாசிக்கவைத்து, இதில் உங்களுக்கு என்ன கேள்வி தோன்றுகிறது என்பாள். கேட்டவரை யாரும் அதட்டக் கூடாது. வட்டத்தில் இருக்கிற எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். நடத்துகிறவள் கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். இந்தச் சட்டங்களையெல்லாம் போட்டவள் அம்மாவேதான்.

அன்றைக்கு அன்னாளின் கதை. பிள்ளையில்லாத அன்னாள், மகனைக் கொடுத்தால் உமக்கே திருப்பித் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டு, பிறந்த சாமுவேலைப் பால் மறந்ததும் ஆலயத்தில் கொண்டுபோய் விட்டுவருவாள். அம்மாவுக்கு உயிரான கதை அது. வாசித்து முடித்ததும், கேள்விகள் உண்டா என்று சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

அக்கா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். “சாமுவேல யாராச்சும் கேட்டாங்களா?”

அப்பா அதட்ட வாயெடுத்தார். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான், கேள்வி வட்டத்தைச் சுற்றிவந்தது.

கிரேன் ஓட்டுகிற மாமா, கர்த்தருக்கென்று சொன்ன வாக்கை மாற்றக் கூடாது என்றார். ஒரு பையன், கேட்டிருந்தால் சாமுவேல் ஓடியே போயிருப்பான் என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவைத் தவிர. கம்பெனி கேன்டீனில் சமைக்கிற அத்தை ஒருவர் வருவார். கேள்வி தன்னிடம் வந்தால் எப்போதும் அடுத்தவரைக் காட்டிவிடுவார். அன்றைக்கு அவர் பேசினார்.

“வருசா வருசம் அந்தம்மா புள்ளைக்கு சட்ட தெச்சு எத்துக்கினு போனாங்கன்னு போட்டுக்கீதே. கூட இல்லாத புள்ளைக்கு அளவு எப்டி தெரியும்? வருசம் பூரா இன்னேரம் இவ்ளோ வளந்திருப்பான், இவ்ளோ வளந்திருப்பான்னு நெனச்சிக்கினே இருந்திருப்பாங்க.”

கடைசியாக அம்மாவின் முறை வந்தது.

“அன்னாள் கேக்கல” என்றாள். வேதாகமத்தை மூடிவைத்துவிட்டு, “நானும் கேக்கல” என்றாள். பிறகு அத்தனை பேர் முன்னிலையிலும் அக்காவைப் பார்த்தாள். “இப்ப கேக்கறேன். போறியா?”

“இல்லம்மா.”

அம்மா தலையாட்டினாள். வழக்கம்போல ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். பாதியில் குரல் எழும்பவில்லை. கேன்டீன் அத்தைதான் அதை முடித்துவைத்தார்.

அக்கா பாலிடெக்னிக்கில் சேர்ந்தாள். டிரங்குப் பெட்டிக்குள் கம்பளிகள் போயின. கட்டில் அக்காவிடமே தங்கிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று சாமுவேல் மேல்கூட எனக்குக் கோபம்.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. அந்த வருஷம் முழுக்க அம்மா விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கட்டிலருகே போய் நிற்பாள். அக்காவின் நெற்றியில் கை வைப்பாள். மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சைப் பார்ப்பாள். பாயில் கிடந்து நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னை ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. பொறுக்கமாட்டாமல் ஒரு நாள், எனக்கும் காய்ச்சல் அடிக்கிறது என்று பொய் சொல்லி அழுதேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. கையை அக்காவின் நெற்றியிலிருந்து எடுக்கவும் இல்லை.

“உனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ தூங்கு” என்றாள்.

அவளுக்கு அக்காதான் உசத்தி என்று முடிவு செய்துகொண்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.