செத்த தண்ணி

ஆழ்துளைக் கிணறு போடுகிற அவருக்கு ஊரார் வைத்த பெயர் 'அறுநூறு'. எந்த வீட்டு வாசலில் லாரியை நிறுத்தினாலும் ஒரே பேச்சுதான்: "அறுநூறு அடிக்குக் கீழ ஈ, எறும்புகூட எட்டிப் பாக்காது. அது செத்த தண்ணி. கண்ணை மூடிக்கிட்டுக் குடிங்க." இருபத்திரண்டு வருடம் சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டார்.

அவர் தங்கை ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கிறவள். போன வருடம் அவளுக்கும் துளை போட்டுக் கொடுத்தார். இந்த வாரம் மூன்று மூட்டை விரிப்புகள் செம்பழுப்புத் திட்டுகளோடு திரும்பி வந்தன. இன்னொரு முறை கறை தெரிந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக ஆஸ்பத்திரி மேட்ரன் சொல்லிவிட்டார்.

"அண்ணா, உன் செத்த தண்ணி எழுந்து வந்து என் துணியில படுத்திருக்கு."

"குழாய்த் துருடீ. ஊரைக் கூட்டாதே."

அவள் வீட்டுத் துளையிலிருந்து மோட்டாரை மேலே இழுத்த பிறகுதான் உறைத்தது. அவரே இறக்கிய பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக் எங்கே துருப்பிடிக்கும்? உள்ளே விரலை விட்டார். கொழகொழவென்று சிவப்புக் களிம்பு விரலோடு வந்தது.

அதை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் பரிசோதிக்கும் அம்மாள் அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, அவரைக் குனியச் சொன்னார். முறுக்கிய நூல்கள், கொத்துக் கொத்தாக.

"இது உயிரா?"

"நூல் உயிரில்லை, கிருமி சுரந்து விட்டது. நுனியில இருக்கே, அதான் உயிர். இரும்பைத் தின்னு வாழுது."

"அவ்வளவு ஆழத்துலயா? வெளிச்சமே இல்லையே!"

"வெளிச்சம் யாருக்கு வேணும்? பாறையில இரும்பு, கொஞ்சூண்டு காத்து, போதும். சிலது அங்கயே இருக்கும். சிலது நாம கொண்டுபோய் விடறது. துளை போடறப்ப என்ன தண்ணி ஊத்துவீங்க?"

"பக்கத்துக் குட்டைத் தண்ணி."

"முடிஞ்சதும் குளோரின்?"

செத்த தண்ணிக்கு மருந்து எதற்கு என்று எத்தனை வாசலில் சிரித்திருப்பார்! இல்லை என்று தலையாட்டினார்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். அவள் போனில் மேட்ரனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். போனை வாங்கினார்.

"அம்மா, அவ மேல தப்பில்லை. துளை போட்டவன் நான். குட்டைத் தண்ணி ஊத்தினேன், மருந்து போடலை."

மேட்ரனின் குரல் இறங்கி வந்தது.

"எங்க ஆஸ்பத்திரிக்குத் துளை போட்டது யாருங்க?"

தங்கை அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"அதுவும் நான்தாம்மா," என்றார் அறுநூறு.