மேரி கேட்ட ரொட்டி

என் அப்பா எழுதி வைத்த முறைப்படி, எங்கள் புக்கிட் பெருந்துங் வீட்டில் என் மகள் முழுக்கோதுமை ரொட்டி சுடுகிறாள். வாசனை வந்ததும் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த எஸ்டேட் லயத்து வரிசைவீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா துரை பங்களாவில் சமையல்காரர். காய்ச்சலில் கிடந்த என் தங்கை மேரி ஒருநாள் ரொட்டி கேட்டாள். அப்பா வீட்டிலேயே தகர டின்னில் மாவை வைத்து அடுப்பிலேற்றினார். சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போக லோரி வந்து நின்றது.

“இப்பவே கிளம்புங்க,” என்று அம்மா கெஞ்சினாள்.

“பத்து நிமிசம் இரு. ரொட்டி வெந்துரும். புள்ள வழியில கேக்கும்.”

கோலசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் மேரி போய்விட்டாள். அப்பா மடியில் ரொட்டி சூடு ஆறவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அம்மா கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாளே அப்பா பங்களாவுக்கு ரொட்டி சுடப் போனார்.

“தாத்தா சுட்ட மாதிரி இருக்காப்பா?” என்று மகள் கேட்டாள்.

“இருக்கும்மா,” என்றேன். மேரியைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை.