பாண் வானில் நான்கு நாள்

என் கணவர் மூன்றரை வருடம் கழித்துக் கட்டாரிலிருந்து முப்பது நாள் லீவில் வந்தார். அவர் போகும்போது எங்கள் மகளுக்கு ஆறு மாதம். இப்போது நாலு வயது. வந்த அன்றைக்கே என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மா, இந்த மாமா எப்ப தன்ர வீட்டை போவார்?" என்று கேட்டாள். மனுசன் சூட்கேசைத் திறக்காமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

பிழை என்னுடையதுதான். தினமும் பின்னேரம் ஏழு மணிக்கு அவர் வீடியோவில் வருவார். நான் குசினியில் நின்றபடியே போனை அவள் கையில் கொடுத்து, "இந்தா, அப்பா" என்பேன். போனுக்கு முத்தம் கொடுப்பாள். போனுக்குச் சோறு தீத்துவாள். அவளுக்கு அப்பா என்றால் போன்தான். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகள் இப்படித்தான் வளர்கின்றன, நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "போன்ல வாறவர்தானேடி இவர், வடிவாப் பார்" என்று காட்டினேன். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இல்லை, அப்பா சின்னன்" என்றாள்.

அன்றைக்கே நான் ஒரு சட்டம் போட்டேன். இவர் இங்கே நிற்கும்வரை போனில் வரக்கூடாது. அதை நிறுத்தினால்தான் அவள் இவரிடம் வருவாள் என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குப் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சொக்லேட், பொம்மை, முதுகில் ஏற்றி யானை விளையாட்டு, ஒன்றும் சரிவரவில்லை. பதினெட்டாம் நாள் அவர் கைவிட்டுவிட்டார்.

"விடும், அடுத்த முறை பாப்பம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த முறையாம் அடுத்த முறை! அடுத்த முறை அவளுக்கு ஏழு வயசு தாண்டியிருக்கும். உங்கட அண்ணனிட்ட வானைக் கேளுங்கோ. நாலு நாள் நாங்கள் நாலு பேரும் அதுக்குள்ள இருக்கப்போறம். எங்க ஓடுவாள் எண்டு பாப்பம்."

"பாண் வானையோ? உமக்கென்ன விசரே?"

"ஓம், விசர்தான்."

அண்ணன் தெருத்தெருவாகப் பாட்டுப் போட்டுப் பாண், பனிஸ் என்று பேக்கரிச் சாமான் விற்கிற வான் அது. ஒற்றைக் காலில் நின்று அதை எடுத்தேன். பாண் அடுக்கும் தட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டோம். காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான், பாய், மகனின் தூண்டில். அவனுக்கு ஒன்பது வயது, தகப்பனைத் தெரியும், அவனில் கவலை இல்லை. முதலில் வடக்கே புல்மோட்டை, பிறகு திரும்பி மூதூர், ஈச்சிலம்பற்று என்று இறங்கி வெருகல். அதுதான் திட்டம். ஒரு விசயத்தை மட்டும் நான் யோசிக்கவில்லை. திறப்பைத் திருப்பினால் பாண் பாட்டுத் தானாகத் தொடங்கும், அதை நிறுத்தும் சுவிச் உடைந்து கனகாலம். "வயரைக் கழற்றினால் லைற்றும் போகும், கவனம்" என்று சொல்லித்தான் அண்ணன் திறப்பைத் தந்தார்.

உப்புவெளி தாண்டவில்லை, சனம் பையோடு படலைக்கு வந்துவிட்டது. குச்சவெளியில் ஒரு மனுசி வழியை மறித்துக்கொண்டு நின்றா.

"ரெண்டு றாத்தல் தாங்கோ."

"பாண் இல்லை அக்கா, நாங்கள் சும்மா ரிப் போறம்."

"பாண் இல்லாட்டி என்ன கோதாரிக்குப் பாட்டுப் போடுறியள்?"

நியாயமான கேள்விதானே! அதைவிடப் பெரிய அடி பின்னால் மெத்தையிலிருந்து விழுந்தது. என் மகள் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டு அவரை முதல் தடவையாக ஆசையோடு பார்த்து, "பாண் மாமா!" என்றாள். அப்பாவாக்கக் கூட்டிக்கொண்டு வந்த மனுசனைப் பாண்காரனாக்கிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டேன். திரும்புவோமா என்று அவர் கேட்டார். திரும்புகிற கதையே இல்லை என்றேன்.

புல்மோட்டையில் கடற்கரை மணலில் ரயர் புதைந்தது. தள்ளினோம். மழை பெய்தது, வானின் கூரை ஒழுகியது, மெத்தையைத் திருப்பிப் போட்டுப் படுத்தோம். மூன்றாம் நாள் மூதூரில் அவர் ஒரு பேக்கரிக்குள் போய் ஒரு தட்டு பனிஸ் வாங்கிக்கொண்டு வந்தார். "சனத்தை ஏமாத்த ஏலாதப்பா, வெக்கமாக் கிடக்கு" என்றார். பிறகு வழிநெடுக வான் நின்றது. அவர் பனிஸை எடுத்துக் கொடுக்க, மகள் பையில் போட்டு ஆட்களிடம் நீட்டினாள். ஈச்சிலம்பற்றுக்கு வரும்போது முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்து வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தாள். அவர் வாயில் பனிஸைப் பிய்த்து வைத்தாள். ஆனால் பாண் மாமாதான். ஏழு மணியானதும் போனை எடுத்துக்கொண்டு வான் படியில் போய் இருந்தாள். "அப்பா எங்களை மறந்துபோனாரோ?" என்று என்னைக் கேட்டாள்.

கடைசி நாள் வெருகல் ஆற்றங்கரையில், கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி வானை நிறுத்தினோம். நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஏழு மணி. அவள் வழக்கம்போலப் படியில் இருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் வானுக்குப் பின்னால் போனார். அவள் மடியில் போன் அடித்தது.

என் சட்டத்தை மீறிவிட்டாரே என்று கோபத்தோடு எழும்பினேன். அதற்குள் அவள் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

"அப்பா! ஏன் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை? நாங்கள் பாண் வான்ல வந்தனாங்கள். பாண் மாமா நல்லவர். நீங்கள் அங்க வேலை எண்டால் பரவாயில்லை, அங்கயே இருங்கோ. எங்களுக்குப் பாண் மாமா இருக்கிறார்."

விம்மல்தான் கேட்டது. அது போனிலும் கேட்டது, வானுக்குப் பின்னாலும் கேட்டது. அவள் படியை விட்டு இறங்கி, போனை முன்னால் பிடித்தபடி சத்தம் வந்த பக்கம் நடந்தாள். நானும் பின்னால் போனேன். ரயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவள் போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இரண்டிலும் அதே நீலச் சேட், அதே நனைந்த மீசை. கையை நீட்டி அந்த மீசையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் இவ்வளவு பெரிசே?"

நான் அழுதேன். அரிசியை ஆற்றோடு விட்டுவிட்டு அழுதேன். அன்றைக்கு எல்லோரும் மிஞ்சிய பனிஸைத்தான் சாப்பிட்டோம்.

மிச்ச நாள்கள் முழுக்க அவர் தோளை விட்டு அவள் இறங்கவில்லை. நினைத்ததை நடத்திவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. அவர் போனார். மறுநாள் ஏழு மணிக்குப் போன் அடித்தது. "இந்தா, அப்பா" என்று நீட்டினேன். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது வேண்டாம். அப்பாவைப் பெரிசா வரச் சொல்லுங்கோ."

எவ்வளவு கெஞ்சியும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படலையடியில் போய் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்குத்தானே நாலு நாள் அலைந்தேன் என்று நெஞ்சு எரிந்தது. போனை நானே கையில் எடுத்தேன்.

"கேட்டதே? இந்தக் கொன்ராக்டோட மூட்டையைக் கட்டுங்கோ. இங்க பாண் விக்கலாம், அண்ணன் வானைத் தாறன் எண்டவர். நான் கதைச்சு முடிச்சிட்டன்."

படலையடியில் நின்றவளைப் போனில் காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார்.

"ஓம் எண்டால் காணாது," என்றேன். "திகதியைச் சொல்லுங்கோ."