அந்தப் பெயர் வரும்போது

நான் லண்டனில் யூதர்களின் முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். பூரிம் பண்டிகையன்று வாசலில் வழக்கத்தைவிட அதிகமான காவலாளர்கள் நின்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

தொண்ணூறு வயதைக் கடந்தவர்களுக்குக் காகிதக் கிரீடம் சூட்டி முன்வரிசையில் அமர்த்தினார்கள். அவர்களில் ஒரு பெரியவரின் சக்கர நாற்காலியை என்னிடம் ஒப்படைத்தார்கள். மதகுரு பழைய கதையொன்றை வாசிக்கத் தொடங்கினார். மண்டபம் அடங்கியது. எல்லோரும் எதற்கோ காத்திருப்பதுபோல அவர் வாயையே பார்த்தார்கள்.

திடீரென்று படபடவென்று சத்தம் வெடித்தது. போர்க்காலத்தில் ஊரில் கேட்ட அதே துப்பாக்கிச் சத்தம். நான் யோசிக்கவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்கதவுக்கு ஓடினேன்.

சமையலறையில் வேலை செய்யும் சாந்தி வழிமறித்தாள். "எங்கை அண்ணை, ராசாவைக் கடத்திக்கொண்டு போறியள்? அது கிலுகிலுப்பைச் சத்தம்!"

பெரியவர் சிரிக்கவில்லை. யூத இனத்தையே அழிக்க நினைத்தவனின் பெயர் கதையில் வரும்போதெல்லாம், அது காதில் விழாதபடி சத்தம் எழுப்புவது வழக்கம் என்றார். பிறகு நாற்காலியை இன்னும் விடாத என் கைகளைப் பார்த்து, "உனக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் தன் மரக் கிலுகிலுப்பையை என்னிடம் தந்தார். அடுத்த முறை அந்தப் பெயர் வந்தது. எல்லோரும் நிறுத்திய பிறகும் நான் சுழற்றிக்கொண்டே இருந்தேன். யாரும் தடுக்கவில்லை.

என்னுடைய அந்தப் பெயரை மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. வேலை முடிந்து வெளியே வந்தபோது காவலாளர்கள் இன்னும் நின்றார்கள். முதன்முறையாக அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.